மூன்று வாள்களும் ஒரு திரைக்கம்பியும்

— வாளைப் பேப்பர்ல சுத்தாதே. பேப்பர் ஈரத்தை இழுக்கும். ஒரு வாரத்துல துரு ஏறிடும்.

— என்னங்க, நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்குக் காலையில தத்து குடுக்கற ஆபீஸ் மேடம் வர்றாங்க. இந்த வீட்டுல ஒரு குழந்தை வளரலாமா கூடாதான்னு பார்க்க வர்றாங்க. உங்களுக்குத் துரு ஏறுறதுதான் கவலையா?

— அது வந்து… பழைய பெட்ஷீட் இருந்தா குடு. பருத்தியா இருந்தா நல்லது.

— கட்டில் மேல போட்டு எவ்வளவு நேரமாச்சு. நான் இதுக்குள்ள அந்த ரூமை ரெண்டு தடவை துடைச்சுட்டேன், ஜன்னல் கம்பிக்கெல்லாம் சோப்பு போட்டுட்டேன், ஸ்விட்ச் போர்டு ஓட்டையெல்லாம் மூடியாச்சு. நீங்க இன்னும் அந்த நெட்டையன் வாளை மடியில போட்டுத் தடவிக்கிட்டு இருக்கீங்க.

— எண்ணெய் போடாம அனுப்பக் கூடாதும்மா. கைரேகை பட்டாலே கறை விழும்.

— போறது என் தம்பியோட டயர் குடோனுக்குங்க. மியூசியத்துக்கு இல்லை.

— அக்கா, கதவைத் திறந்து போட்டுட்டு என்ன சத்தம்? மாடிப்படி வரைக்கும் கேக்குது. மாமா, வண்டியை வாசல்லயே நிறுத்தியிருக்கேன். இன்னிக்கு லிஃப்ட்டு வேலை செய்யுது, அதுவே பெரிய விஷயம். இந்தாங்க, கீழ வாட்ச்மேன்கிட்ட உங்க பேருக்கு ஒரு பெட்டி வந்து கிடந்துச்சு.

— என்ன பெட்டிடா?

— எனக்கென்னக்கா தெரியும். கை நீளத்துக்கு ஒல்லியா இருக்கு. ஒரு பக்கம் கனமா இருக்கு.

— என்னங்க, என்ன வரவழைச்சீங்க?

— அது வந்து… திரைக்கம்பி. அந்த ரூம் ஜன்னலுக்கு.

— பாருடா தம்பி. ஒரு வாரமா உம்முனு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்த மனுஷன், எனக்குத் தெரியாம திரைக்கம்பி வாங்கியிருக்கார். சொல்லியிருக்கலாம்ல? நானே சாயந்தரம் கடைக்குப் போகணும்னு நினைச்சேன். குடுடா, இப்பவே மாட்டிடலாம்.

— வேண்டாம். மாப்ள, அதை அலமாரி மேல வை. இந்த வேலை முடியட்டும். அப்புறம் நானே மாட்டறேன்.

— சரி, விடுங்க. எப்ப மாட்டினா என்ன, வாங்கணும்னு தோணிச்சே.

— மாமா, முதல்ல எதைத் தூக்கணும்? சத்தியமா சொல்றேன், வழியில போலீஸ் நிறுத்தினா நான் உங்க பேரைத்தான் சொல்லுவேன்.

— பில்லு இருக்கு மாப்ள. அலங்காரப் பொருள்னு போட்டிருக்கும்.

— அலங்காரமா? இந்த நெட்டையன் என் தோளு வரைக்கும் நிக்கிறான். ரெண்டு கையாலயும் பிடிக்கிற மாதிரி கைப்பிடி, குறுக்கே ஒரு கம்பி. இவனைச் சுவத்துல மாட்டி வச்சுக்கிட்டு அலங்காரம்னு சொன்னா எந்தப் போலீஸ்காரன் நம்புவான்?

— முனை மழுங்கல்தான். வெட்டாது. நான் கூர் ஏத்தவே இல்லை.

— வெட்டாதுன்னு அந்த மேடத்துகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. கத்தரிக்கோலைக்கூட எட்டாத உயரத்துல வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. கண்ணாடிச் சாமான் கீழ இருக்கக் கூடாது. பினாயிலைப் பூட்டி வைக்கணும். அவங்க ஹாலுக்குள்ள காலை வச்சதும் எதிர்ச் சுவத்துல மூணு வாளு தொங்கினா என்ன நினைப்பாங்க?

— பொறுமையா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

— நான் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஆச்சு, எனக்கே புரியலை. அவங்களுக்கு அரை மணி நேரத்துல புரிஞ்சுடுமா?

— அக்கா, நீ மாமாவை ரொம்ப வாட்டாதே. மாமா, எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. இதெல்லாம் மலிவுச் சரக்குன்னு நீங்களே சொல்றீங்க. மூணு மலிவு வாங்கறதுக்கு, காசு சேர்த்து வச்சு உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல? டயர்ல நாங்க கஸ்டமருக்கு அப்படித்தான் சொல்லுவோம்.

— நல்ல வாள்ல நமக்கு வேலையே இருக்காது மாப்ள.

— அப்படின்னா?

— நல்ல கொல்லன் அடிச்ச வாள் வரும்போதே சரியா வரும். எடுத்து மாட்டிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கலாம், அவ்வளவுதான். மலிவு வாள் அப்படி இல்லை. ஏதாவது ஒரு குறையோடதான் வரும். இந்த நெட்டையன் வந்தப்போ கைப்பிடி லொடலொடன்னு ஆடிச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ளே மரமும் இரும்பும் ஒட்டவே இல்லை. மெல்லிசா மரச் சீவல் வச்சு, பசை போட்டு, புதுசா தோல் சுத்தி, நூல் கட்டிக் காய வச்சேன். ஜப்பான்காரனுக்கு மூங்கில் ஆப்பு.

— ஆப்பா?

— ஜப்பான் வாளுக்கு ஆணி கிடையாது. கைப்பிடிக்குள்ள வாளைப் பிடிச்சு நிறுத்தறது ஒரு மூங்கில் ஆப்புதான், சுண்டு விரல்ல பாதி இருக்கும். மலிவு வாள்ல அதை ஏனோதானோன்னு சொருகி அனுப்புவான். நான் அதைத் தட்டி எடுத்துட்டு, நல்ல காய்ஞ்ச மூங்கில்ல வேற சீவிப் போட்டேன். உறையும் அப்படித்தான். வாய் அகலமா இருந்துச்சு, கவிழ்த்தா வாள் வழுக்கிக் கீழ விழுந்துடும். உள்பக்கம் பலகைச் சீவல் ஒட்டி, தேய்ச்சுத் தேய்ச்சு…

— போதும் மாமா, விட்டா உங்க லேப்ல பல்லு செட்டு பண்ற கதைக்குப் போயிடுவீங்க.

— ரெண்டும் ஒரே வேலைதான் மாப்ள. ஆடக் கூடாது, உறுத்தக் கூடாது.

— இதைச் சொல்ல மட்டும் வாய் வருது பாரு. தம்பி, இவர் முதல் முதலா வாங்கினாரே, அந்தக் கதை உனக்குத் தெரியுமா? கல்யாணம் ஆன புதுசு. பளபளன்னு எவர்சில்வர்ல ஒண்ணு. இந்த ஹால்ல நின்னு ஒரு வீசு வீசினார். கையில கைப்பிடி மட்டும்தான் இருக்கு. வாளைக் காணோம்.

— எங்கே போச்சு?

— பீரோ கதவுல போய்க் குத்திக்கிட்டு நிக்குது. நான் அப்பத்தான் அந்தப் பீரோகிட்டேர்ந்து நகர்ந்து சமையல் ரூமுக்குப் போனேன். காலண்டரைத் தூக்கிப் பாரு, ஓட்டை இன்னும் இருக்கு.

— ஐயோ மாமா.

— அது வாளே இல்லை மாப்ள. சுவத்துல மாட்டறதுக்குப் பண்ண பொம்மை. கைப்பிடிக்குள்ள பென்சில் மாதிரி ஒரு கம்பியைப் பத்த வச்சு ஒட்டியிருந்தான். வாளோட இரும்பு கைப்பிடி முழுக்க உள்ளே ஓடணும். அது தெரியாம வாங்கிட்டேன். எல்லாரும் முதல்ல பண்ற தப்புதான். அதை அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்.

— அன்னிக்கு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இனிமே வாள்ங்கற பேச்சே எடுக்க மாட்டேன்னு சொன்னார். சொல்லி ஒரு வருஷம்கூட ஆகலை. நெட்டையன் வந்து நின்னான்.

— அக்கா, அந்தக் கயித்தை இப்படிக் குடு. நெட்டையனைக் கட்டிட்டேன். மேல இன்னொரு சுத்து சுத்தட்டுமா மாமா?

— கைப்பிடிகிட்ட இறுக்காதே. தோல்ல தடம் விழுந்துடும்.

— நெட்டையன் என்னிக்கு வந்தான்னு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுத்திருந்தேன். முதல் தடவை. நாலு மாசம் தங்கி, ஊருக்கெல்லாம் சொல்லி, அப்புறம் ஒண்ணுமில்லாம வெறுங்கையோட வந்து படுத்திருக்கேன். காலிங் பெல் அடிக்குது. இவர் போய்க் கதவைத் திறக்கறார். பார்சல்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு வர்றார். அப்புறம் ராத்திரி பூரா உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். வீடு முழுக்க மெஷின் ஆயில் நாத்தம். எனக்குத் தலையணையில மூஞ்சியைப் புதைச்சாலும் அந்த நாத்தம்தான்.

— அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— நான் யார்கிட்டயும் சொன்னது கிடையாதுடா. இப்ப வெளியே போகப் போகுதுல்ல, சொல்லிட்டேன். ஒரு பொம்பளை அழுதுக்கிட்டுப் படுத்திருக்கும்போது பக்கத்து ரூம்ல உக்காந்து வாளுக்குத் தோல் சுத்தற மனுஷனை நான் இன்னும் மன்னிக்கலை.

— அது வந்து…

— சொல்லுங்க. அது வந்து, என்ன?

— ஒண்ணுமில்லை.

— பார்த்தியா? எப்பவும் அந்த ஒண்ணுமில்லைதான்.

— சரி சரி, நான் இவனைக் கீழ வச்சுட்டு வந்துடறேன். மாமா, அடுத்தது இந்த ஒல்லிக்குச்சியா? கைப்பிடிக்கு முன்னாடி கிண்ணம் கவுத்து வச்ச மாதிரி இருக்கே, ஊசி.

— அது கையைக் காப்பாத்தறதுக்கு மாப்ள. எதிராளி குத்தினா கிண்ணத்துல பட்டு வழுக்கிடும்.

— இவன் வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் இங்கதானே தங்கியிருந்தேன். வாள் கோணையா இருக்குன்னு மாமா அதை டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சு ஒத்தைக் கண்ணால பார்த்துக்கிட்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

— நீ எதுக்குடா இங்க தங்கியிருந்தே?

— உனக்குத் துணைக்குத்தான். போன வருஷம். உனக்கு அந்த… மூணாவது தடவை ஆச்சே.

— நெட்டையனைத் தூக்கிட்டுப் போடா.

— நான் கீழ போய்ட்டு வரேன்க்கா. லிஃப்ட்டை யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க.

— ஏம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— என்ன, ஜப்பான்காரனை மட்டும் விட்டுடுன்னா?

— இல்லை. நாளைக்கு… ஒருவேளை அவங்க வரலேன்னா?

— வாயைக் கழுவுங்க. எந்த நேரத்துல என்ன பேச்சு பேசறீங்க? ஏன் வராம போவாங்க? எல்லாத்தையும் பார்த்தாச்சு, கேட்டாச்சு, பாப்பாவையும் ரெண்டு தடவை காட்டியாச்சு. கடைசியா வீடு ஒண்ணுதான் பாக்கின்னு உங்ககிட்டதானே சொன்னாங்க? என் போனுக்கு அவங்க பேசறதே இல்லை. ஏன், மறுபடி ஏதாவது சொன்னாங்களா?

— அது வந்து… நீ கொஞ்சம் உக்காரு.

— உக்கார நேரமில்லை. நான் நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. உங்களுக்கு இந்தக் குழந்தை வேணுமா, வேண்டாமா?

— என்ன கேள்வி இது?

— ஒரு வாரமா பார்க்கிறேன். பாப்பான்னு சொன்னாலே எழுந்து போயிடறீங்க. நான் ரூமுக்குப் பெயின்ட் அடிக்கிறேன், ஸ்டூலைப் பிடிக்கக்கூட வரலை. வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்துட்டுப் போயிட்டீங்க. மஞ்சள் நல்லா இருக்கான்னு கேட்டேன். வாயைத் திறக்கலை. சுவத்துலேர்ந்து மூணு இரும்பை இறக்கறதுக்கு இவ்வளவு துக்கமா? அப்படி மனசு வராம ஒரு குழந்தையை எதுக்குக் கூட்டிட்டு வரணும்?

— எனக்கு வேணும்.

— அப்படியா?

— வேணும். போன தடவை போனப்போ என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வச்சுக்கிட்டா. திருப்பிக் குடுக்கவே இல்லை. கடைசியில நீதான் உன் வளையலைக் கழட்டிக் குடுத்து வாங்கினே. அவளுக்கு மேல் வரிசையில நாலு பல்லு, கீழ ரெண்டு. கீழ்ப் பல்லு ஒண்ணு கொஞ்சம் திரும்பியிருக்கு. நான் அதைக்கூடப் பார்த்து வச்சிருக்கேன். வேணுமான்னு கேக்கற.

— சரி, விடுங்க. நான் கோவத்துல கேட்டுட்டேன். அழாதீங்க. நீங்க அழுது நான் பார்த்ததே இல்லை.

— அழலை.

— சரி, அழலை. இங்க வாங்க, இந்தக் கட்டில் ஓரத்துல உக்காருங்க. நான் இன்னொண்ணு கேக்கறேன். இதுக்கு அந்த ஒண்ணுமில்லையைச் சொல்லக் கூடாது.

— ம்.

— நெட்டையன் வந்தது எனக்கு முதல் தடவை கலைஞ்சப்போ. ஊசி வந்தது மூணாவது தடவை. தம்பி இப்பச் சொன்னான், அதுவரைக்கும் எனக்கு உறைக்கலை. ஜப்பான்காரன் எப்ப வந்தான்?

— மழைக்காலம். நீ உங்க வீட்டுல இருந்தே.

— எங்க வீட்டுல நான் எதுக்குப் போய் இருந்தேன்?

— ரெண்டாவது தடவை.

— மூணும் அப்படித்தானா?

— மூணும் அப்படித்தான்.

— ஏங்க?

— எனக்குச் சொல்லத் தெரியாதும்மா.

— தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க.

— அது வந்து… நாள் பூரா லேப்ல உக்காந்து யாரோ ஒருத்தர் வாய்க்குப் பல்லு செய்யறேன். சரியா வரலேன்னா தேய்ப்பேன், மெழுகு வைப்பேன், மறுபடி வார்ப்பேன். எப்படியும் சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். வீட்டுக்கு வந்தா நீ சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கே. டாக்டர்கிட்ட கேட்டா காரணமே இல்லைங்கறாங்க. யார் மேலயும் தப்பு இல்லையாம், எதையும் சரி பண்ண முடியாதாம். எனக்குக் கையை எங்க வைக்கறதுன்னே தெரியலை.

— என் தலையில வச்சிருக்கலாம்.

— வச்சேன். நீ தட்டி விட்டே.

— தட்டி விட்டேனா?

— முதல் தடவை. உனக்கு ஞாபகம் இருக்காது. தப்பாச் சொல்லலை. உனக்கு அப்ப யாரையும் பிடிக்கலை. நான் ஹால்ல வந்து உக்காந்தேன். நெட்ல இருக்கறதுலயே மலிவா, எல்லாரும் மோசம்னு எழுதியிருந்த ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வரவழைச்சேன். கைப்பிடி ஆடுது, எண்ணெய் நாறுது, இரும்புல குழி குழியா இருக்குன்னு எல்லாரும் திட்டியிருந்தாங்க. அதனாலதான் வாங்கினேன். வந்ததும் பிரிச்சேன். குறை என்னன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. சரி பண்ண முடிஞ்சுது. ஆட்டம் நின்னுச்சு. அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

— நல்ல வாள்ல வேலை இருக்காதுன்னு சொன்னீங்களே.

— ஆமா.

— நான் அந்த உப்புத்தாள் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உங்களைச் சபிச்சேன். சத்தியமாச் சொல்றேன், வாய் விட்டுச் சபிச்சேன். கல்லு மாதிரி இருக்காரேன்னு.

— கேட்டுச்சு.

— கேட்டுச்சா? அப்ப வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— என்ன சொல்றது? உனக்கு ஆனது எனக்கும் ஆச்சுன்னா? உனக்கு உடம்பு. எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரலை. மறுநாள் வேலைக்குப் போயிட்டேன்.

— இந்த மூணு வருஷமா நான் இந்தச் சுவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். சம்பளத்தைக் கொண்டு போய் இரும்புல போடறாரேன்னு. என் பிள்ளைங்க மூணும்தான் தொங்குதுன்னு எனக்குத் தெரியாது.

— அப்படிச் சொல்லாதேம்மா.

— வேற எப்படிச் சொல்றது? நீங்க அதுங்களுக்குப் பேர் வச்சு, எண்ணெய் போட்டு, துணி சுத்தி… பேர் வச்சது யாரு? நெட்டையன், ஊசின்னு?

— நான்தான்.

— ஜப்பான்காரனை இப்படிக் குடுங்க. நான் பிடிச்சுக்கறேன். நீங்க துடைங்க. விரல் படக் கூடாதுல்ல? துணியோட பிடிச்சுக்கறேன்.

— மெதுவா. முதுகுப் பக்கம் பிடி.

— கிராம்பு வாசனை வருது.

— எண்ணெய்ல கொஞ்சம் கிராம்பெண்ணெய் கலப்பேன். வந்த அன்னிக்கு இருக்கற நாத்தம் போறதுக்கு.

— என்னங்க, இவன் போக வேண்டாம். ரெண்டு பேர் போகட்டும், அவங்களும் அப்புறம் வரட்டும். இவனை பீரோ மேல் தட்டுல வச்சுப் பூட்டிடலாம். மேடம் கேட்டா நானே சொல்றேன். இது எங்க வீட்டுல மூணு பேர் இல்லாம போனதுக்குன்னு சொல்றேன். அவங்களும் பொம்பளைதானே.

— வேண்டாம். எல்லாத்தையும் அனுப்பிடலாம்.

— இத்தனை நேரம் அனுப்ப மனசில்லாம உக்காந்திருந்தீங்க. இப்ப நானே இருக்கட்டும்னு சொன்னா அனுப்பிடலாம்னு சொல்றீங்க. என்ன மனுஷனோ.

— எனக்கு வாள் பிரச்சினை இல்லைம்மா.

— அப்ப வேற என்ன பிரச்சினை? பயமா இருக்கா? எனக்கும்தான் பயம். மூணு தடவை கை நழுவினது, நாலாவது தடவையும் நழுவிடுமோன்னு ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கேன். ஆனா இது அப்படி இல்லைங்க. இது என் வயித்துல இல்லை. பிறந்து, வளர்ந்து, நடந்து, உங்க கண்ணாடியைப் பிடுங்கற குழந்தை. இதுக்கு ஒண்ணும் ஆகாது.

— ம்.

— எழுந்திருங்க. மூஞ்சி கழுவுங்க. அவன் மேல வர்றதுக்குள்ள அந்தத் திரைக்கம்பியை மாட்டிடலாம். மஞ்சள் சுவத்துக்குப் பூப்போட்ட திரை தைச்சு வச்சிருக்கேன், நீங்க பார்க்கவே இல்லையே. பெட்டியை எடுக்கறேன்.

— அதை விடு. நான் அப்புறம் பார்த்துக்கறேன்.

— எத்தனை அப்புறம். இந்தக் கத்தரிக்கோல்ல டேப்பை வெட்டிட்டா முடிஞ்சுது. அட, நல்லாத்தான் கனக்குது. ஒரு சின்ன ஜன்னலுக்கு இவ்வளவு கனமாவா கம்பி வாங்குவாங்க?

— பெட்டியைக் குடும்மா.

— விடுங்க, பிடுங்காதீங்க. கத்தரி பட்டுடும். என்ன இது, பிரிக்கும்போதே மெஷின் ஆயில் நாத்தம். இது திரைக்கம்பி இல்லை.

— கீழ வை.

— ஜப்பான்காரன் மாதிரியே இருக்கு. அதே பின்னல், அதே உறை. ஆனா சின்னது. இவ்வளவு சின்னதா நீங்க வாங்கினதே இல்லையே.

— ஜப்பான்ல பெரிய வாளுக்குத் துணையா சின்னதா ஒண்ணு வச்சுக்குவாங்க.

— நான் அதைக் கேக்கலை. எனக்கு ஒண்ணும் ஆகலையே. நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை, படுக்கையில விழலை. நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருக்கேன். அப்புறம் இது எதுக்கு வந்திருக்கு? என்னங்க, இது யாருக்கு?

— அக்கா, லிஃப்ட்டை மடக்கி வச்சிருக்கேன். அடுத்தது ரெடியா? மாமா, ஊசியை நானே தூக்கிக்கட்டுமா?

— தம்பி, கொஞ்ச நேரம் வெளியே இரு.

— ஏன்க்கா, என்ன ஆச்சு?

— கதவைச் சாத்திட்டுப் போடா.

— அவன் போயிட்டான்மா. நீ உக்காரு. அதைக் கீழ வச்சுட்டு உக்காரு.

— ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சா?

— வந்துச்சு.

— என்ன சொன்னாங்க?

— பாப்பாவோட பெரியம்மா வெளியூர்லேர்ந்து தேடிக்கிட்டு வந்துட்டாங்களாம். சொந்தத்துக்குத்தான் முதல்ல குடுக்கணுமாம். அன்னிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— என்னிக்கு?

— நீ ஸ்டூல் மேல ஏறி நின்னு, மஞ்சள் நல்லா இருக்கான்னு என்னைக் கேட்டியே, அன்னிக்கு.